கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாளும் வீட்டு முயல்களும்

கேட்டவர், 2024 மார்ச் 3, இரவு 9.10

வர்ற வியாழக்கிழமை காலை 10 மணிக்குக் கொலோனோஸ்கோபி (கேமரா வச்ச குழாயைப் பெருங்குடலுக்குள்ள விட்டுப் பார்க்கிற டெஸ்ட்). அதுக்கு முந்தி குடலைச் சுத்தம் பண்ணக் குடிக்கிற பேதி மருந்தை நினைச்சாலே குமட்டுது. வீட்டில் நான் ஒரு ஆள், ரெண்டு முயல் (ஆணும் பெண்ணும், ரெண்டுக்கும் கருத்தடை ஆயிடுச்சு). படபடப்பு வந்தா அதுங்க பக்கத்துல உட்கார்ந்தாத்தான் அடங்கும். அன்னைக்கு மடியில வச்சுக்கலாமா, இல்ல கிருமி அது இதுன்னு விலக்கி வைக்கணுமா? மருந்தைக் குடிச்சு முடிக்க வழி இருந்தாலும் சொல்லுங்க.

அறுகு, மார்ச் 3, இரவு 9.48

விலக்கத் தேவையில்லை. ஆனால் மடி வேண்டாம், தரை. பெரும்பாலான முயல்களுக்குத் தூக்கினால் ஆகாது. மேலே இருந்து வந்து தூக்குவது பருந்துதான் என்கிற பயம் அதன் பிறவியிலேயே உண்டு. கையில் உதறும்போது பின்னங்கால் உதைக்கும் வேகத்தில் அதன் இடுப்புப் பக்க முதுகெலும்பே முறியும். வயிறு காலியாகிக் கை நடுங்கும் நாளில் தூக்கவே தூக்காதீர்கள்.

பாயை விரித்து, அதற்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கையில் கொஞ்சம் கொத்தமல்லித் தழை. அதுவாக வந்து மோந்து பார்க்கும். தலையைத் தரையோடு ஒட்டித் தாழ்த்தினால் தடவச் சொல்கிறது என்று அர்த்தம். மூக்குக்கு மேலே தொடங்கி, நெற்றி வழியாகக் காதின் அடிவரை, முடி போகும் திசையிலேயே தடவுங்கள். தாடை, வயிறு, பாதம் மூன்றையும் தொடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் கண் பாதி மூடும். பல்லோடு பல் உரசும் மெல்லிய நறநறப்பு விரல் நுனிக்குத் தெரியும். அது சுகத்தில் வருவது. அதே நறநறப்பு காதுக்குக் கேட்கிற அளவுக்கு வந்து, முயல் உடம்பைக் குறுக்கிக்கொண்டும் இருந்தால் அது வலி.

ஸ்கோப்பறை, மார்ச் 4, காலை 6.20

முயல் பக்கம் அறுகு அக்கா பார்த்துக்கொள்வார்கள். குடல் பக்கம் நான்.

முதலில் நீங்கள் தினமும் போடும் மாத்திரைகள். இரும்புச்சத்து மாத்திரையை வழக்கமாக 5 முதல் 7 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுக்க வைத்துச் சுவரில் அப்பிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும் லேசில் போகாது. சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை போட்டால் 3, 4 நாளுக்கு முன் நிறுத்த வேண்டிவரும். பட்டினியும் அந்த மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் அதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் போடுங்கள், புதன்கிழமை ராத்திரி கேட்டுப் பயனில்லை.

சாப்பாடு: செவ்வாய்க்கிழமையிலிருந்தே கீரை, கம்பு, கேழ்வரகு, முழுப்பயறு, கொய்யா, தக்காளி விதை, தேங்காய்த் துவையல், எள் எல்லாம் தவிருங்கள். கொய்யா விதையும் எள்ளும் ஸ்கோப்பின் (அந்தக் கேமரா குழாயின்) உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்ளும். இட்லி, வெள்ளைச் சோறு, மோர், முட்டை, முள் நீக்கிய மீன், தோல் நீக்கி வேக வைத்த உருளைக்கிழங்கு, பிரெட் பரவாயில்லை. புதன்கிழமைக்கு உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. திரவம் மட்டும் என்று இருந்தால் மோரும் பாலும் அதில் சேராது. வடிகட்டிய ரசம், இளநீர், பால் விடாத டீ, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு உப்புச் சர்க்கரையோடு, கஞ்சித் தெளிவு. சிவப்பும் ஊதாவும் வேண்டாம்: ரோஸ் சிரப், பீட்ரூட், திராட்சை ஜூஸ். உள்ளே போய்ப் பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரிந்து குழப்பும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இளநீரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் அதிகம்.

ஸ்கோப்பறை, மார்ச் 4, காலை 6.55

இப்போது அந்தப் பொடி. நம் ஊரில் அதிகம் எழுதுவது பெக்லெக். ஒரு பாக்கெட் 137.15 கிராம், 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்புகளும். கிளைக்கால் குடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே கீழே இறங்கும். உப்புகள் இருப்பதால் உடம்பின் உப்புச் சமநிலை பெரிதாகக் கெடாது. அதனால்தான் அளவு முக்கியம். உப்புக் கரிக்கிறது என்று 3 லிட்டரில் கரைப்பதும், சீக்கிரம் முடியட்டும் என்று 1 லிட்டரில் கெட்டியாகக் கலக்குவதும் இரண்டுமே தப்பு.

மதியமே கரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உப்புச் சுவை பாதி குறையும். ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சுங்கள். 250 மில்லி டம்ளர், 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒன்று. சிப் சிப்பாக ஒரு மணி நேரம் இழுத்தால் வேலை செய்யாது, ஒரே மடக்கில் விட்டால் வாந்தி. டம்ளருக்கு இடையில் எலுமிச்சைத் துண்டை நக்கலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, நடந்துவிட்டுத் தொடருங்கள். வாந்தி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன்.

ஒரு பாக்கெட்டா இரண்டா என்பது சீட்டில் இருக்கும். முந்தின நாள் மாலை பாதி, அன்று விடிகாலை பாதி என்று பிரித்துக் குடிப்பதுதான் இப்போதைய நல்ல முறை. மொத்தத்தையும் ராத்திரியே முடித்தால், சிறுகுடலிலிருந்து விடியற்காலையில் இறங்கும் பித்தநீரும் சளியும் வலப்பக்கப் பெருங்குடலில் படிந்துவிடும். தட்டையான பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) ஒளிந்துகொள்ளும் இடமே அதுதான். 10 மணி டெஸ்டுக்கு 4.30 மணிக்கு ஆரம்பித்து 6 மணிக்குள் முடித்தால் சரியாக இருக்கும். 8 மணிக்குப் பிறகு தண்ணீர் கூடக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பவர் அதற்கும் முன்பே நிறுத்தச் சொன்னால் அதுவே நேரம்.

கேட்டவர், மார்ச் 4, மதியம் 1.30

கரைச்ச தண்ணியில சர்க்கரையோ குளுக்கோஸோ கலந்தா?

ஸ்கோப்பறை, மார்ச் 4, மதியம் 2.05

கூடாது. பெருங்குடல் பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் உண்டாக்கும். மானிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கொடுத்துச் சுத்தம் பண்ணிய காலத்தில், பாலிப்பை மின்சாரத்தால் சுடும்போது அந்த வாயு தீப்பிடித்துக் குடல் வெடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எலுமிச்சை வாசத்துக்குச் சில சொட்டு போதும். இனிப்பு வேண்டுமென்றால் இடைவெளியில் வேறு டம்ளரில் டீயாகக் குடித்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் பாஸ்பேட் கரைசல் சின்ன பாட்டிலாகக் கொடுத்து, இது ஈசி என்றால் வாங்காதீர்கள். அளவு குறைவுதான், ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது தெரிந்து 2008-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடும் எச்சரிக்கை விட்டது.

காதுநீளம், மார்ச் 4, மாலை 5.40

தரையில் உட்கார்ந்து காத்திருக்கிற அளவுக்குப் பொறுமை இல்லைன்னா, முயலை மெதுவா மல்லாக்கப் போட்டு மடியில சாய்ச்சா அப்படியே தூங்கிடும். அதைப் பார்த்தாலே மனசு இறங்கும். நிறைய வீடியோ இருக்கு.

அறுகு, மார்ச் 4, மாலை 6.15

அது தூக்கமே இல்லை. வேட்டை விலங்கின் வாயில் அகப்பட்டால் செத்தது போல் கிடக்கும் உறைநிலை. மூச்சும் இதயத்துடிப்பும் பயத்தைக் காட்டுகின்றன என்று அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். விட்ட பிறகு அது ஒளிந்துகொள்வதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தன் பயத்தை ஆற்றிக்கொள்ள இன்னொரு உயிரைப் பயமுறுத்தும் வழி நமக்கு வேண்டாம்.

அறுகு, மார்ச் 4, மாலை 6.40

மேலே சொன்னதோடு சேர்த்து இது. கேட்டவர் தனியாள் என்பதால் எனக்கு இதுதான் பெரிய கவலை: நீங்கள் பட்டினி இருக்கும் நாளில் முயல் பட்டினி இருக்கக் கூடாது. உங்கள் குடல் ஒரு நாள் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. முயல் 12 மணி நேரம் தின்னாமல் இருந்தாலே அவசரம். அதன் குடலை ஓட்டுவது நார்தான். நார் நின்றால் அசைவு நிற்கும், உள்ளே உள்ளது காய்ந்து கட்டியாகும், வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் தின்னாது. வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது.

மனிதனுக்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் சீக்கம் ஒரு சின்னப் பை. ஸ்கோப்பறை சார் அங்கே போய்ச் சேர்ந்ததும் திரும்பிவிடுவார். முயலுக்கு அந்தப் பைதான் வயிற்றறையின் பெரும்பகுதி, இரைப்பையைப் போல் பல மடங்கு பெரியது. அங்கே புளித்துத் தயாராகும் பளபளப்பான, திராட்சைக் கொத்து போன்ற மென் புழுக்கையை அது நேராக ஆசனவாயிலிருந்தே வாய்வைத்துத் தின்னும். விடிகாலையில் அப்படிக் குனிந்து தின்பதைப் பார்த்தால் தடுக்காதீர்கள், பி விட்டமின்களும் புரதமும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

புதன்கிழமை மதியமே செய்ய வேண்டியவை: காய்ந்த புல் ஒரு முயலுக்கு அதன் உடம்பளவு குவியல், தூக்குக்கூடையிலும் மலப்பெட்டியிலும் இரண்டு இடத்தில். டிமோத்தி புல் கிடைக்காவிட்டால் ரோட்ஸ் புல், அல்லது கோ-4 தீவனப்புல்லை நிழலில் காய வைத்தது, அறுகம்புல். வேலிமசாலும் அகத்தியும் கைப்பிடி போதும். கால்சியமும் புரதமும் மிகுதி. தண்ணீரைப் பாட்டிலில் மட்டும் நம்பாதீர்கள், முனையில் உள்ள உருண்டை சிக்கினால் ராத்திரி முழுக்கத் தாகம். கனமான மண் கிண்ணத்திலும் ஒரு பங்கு.

கேட்டவர், மார்ச் 4, இரவு 8.20

எங்க தெருவுல முயலுக்குத் தண்ணி வச்சா செத்துடும்னு சொல்றாங்க. நான் வைக்கிறேன், ஆனா கேட்டவங்க எல்லாம் பயமுறுத்துறாங்க.

அறுகு, மார்ச் 4, இரவு 8.32

வையுங்கள். ஈரத் தழை மட்டும் தின்று பெட்டியில் ஈரத்திலேயே உட்கார்ந்து செத்த குட்டிகளைப் பார்த்து வந்த நம்பிக்கையாக இருக்கலாம் அது. காய்ந்த புல் தின்னும் முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி தண்ணீர் வேண்டும். மார்ச் வெயிலில் மேல் அளவு. 30 டிகிரியைத் தாண்டினால் முயல் திணறும், அதற்கு வியர்க்காது, காதின் ரத்தக்குழாய் வழியாகத்தான் சூட்டை விடும். வியாழக்கிழமை பகல் முழுக்க நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி ஒன்று, வெறும் மொசைக் தரையில் ஓர் இடம், ஃபேன் நேராக மேலே படாமல்.

ஸ்கோப்பறை, மார்ச் 5, காலை 7.10

தனியாள் என்பதை நேற்று நான் விட்டுவிட்டேன். மயக்க ஊசி போட்டால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பல இடங்களில் ஆரம்பிக்கவே மாட்டார்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடும் வேலை கூடாது. மிடசோலம் என்ற மயக்க ஊசி போட்டால் டாக்டர் சொன்னது ஞாபகத்தில் நிற்காது, கூட வருபவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவரிடமே ஒரு சாவியைக் கொடுத்து முயலுக்குப் புல் போடவும் சொல்லிவிடுங்கள்.

அறுகு, மார்ச் 5, காலை 9.00

ஸ்கோப்பறை சொன்ன 4.30 மணி ஒரு வகையில் நல்லது. முயல் விடிகாலையிலும் அந்தியிலும்தான் துடிப்பாக இருக்கும். நீங்கள் எழும்போது அவையும் விழித்திருக்கும். ஒவ்வொரு டம்ளருக்கும் 10, 15 நிமிட இடைவெளி என்றாரே, அந்த இடைவெளியைத் தரையில் அதுங்களோடு கழியுங்கள். டம்ளரை மேசை மேலே, மூடி வையுங்கள். கரைசல் உப்பாக இருப்பதால் சில முயல்கள் நக்கப் பார்க்கும். பேதி மாத்திரை அட்டையையும் தரைப்பக்கம் விடாதீர்கள்.

அவசரமாக எழுந்து கழிவறைக்கு ஓடுவீர்கள், இருட்டில் காலடியில் முயல் இருக்கும். கழிவறை வரை ஒரு வழியை அட்டை வைத்துத் தடுத்து, விடிவிளக்கைப் போட்டு வையுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. மிதிபட்டுக் கால் ஒடிந்த முயல்கள் அதிகம்.

காதுநீளம், மார்ச் 5, காலை 11.25

மல்லாக்கப் போடுறதை விட்டாச்சு, அக்கா சொன்னது சரி. ஒரு கேள்வி. முயலைத் தடவினா பதற்றம் குறையும்னு ஆதாரம் ஏதாவது உண்டா, இல்ல நமக்கே தோணுறதா?

அறுகு, மார்ச் 5, மதியம் 12.10

உண்டு. இஸ்ரேலில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்தது. 58 பேர். முதலில் ஒரு டாரன்டுலா சிலந்தியைக் காட்டி, இதைக் கையில் பிடிக்கச் சொல்லலாம் என்று பதற வைத்தார்கள். பிறகு சிலருக்கு உயிருள்ள முயல், சிலருக்கு உயிருள்ள ஆமை, சிலருக்குப் பொம்மை முயல், பொம்மை ஆமை, மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. உயிருள்ளதைத் தடவியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, ஆமையாக இருந்தாலும். பொம்மை எவ்வளவு மெத்தென்று இருந்தும் குறைக்கவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வழவழப்பான ரோமத்தால் மட்டும் வருவதில்லை இந்த ஆறுதல் என்று காட்டியதால் எனக்கு அதன் மேல் மதிப்பு.

ஸ்கோப்பறை, மார்ச் 5, இரவு 9.30

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்: கடைசியில் வருவது மூத்திரம் போல் வெளிர் மஞ்சளாக, தூள் இல்லாமல், டாய்லெட்டின் அடி தெரியும்படி இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கியிருந்தால் மறைக்காமல் அங்கே சொல்லுங்கள், எனிமா கொடுத்துச் சரி பண்ணலாம். சொல்லாமல் படுத்தால் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் முழுக்க மறுபடியும் இதே பாடு. ஆசனவாயில் முதல் தடவை போகும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பெரிய பயன் இல்லை. தேய்க்காமல் தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள்.

டெஸ்ட்: இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. முதலில் விரலால் சோதனை, பிறகு ஸ்கோப். வலி வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, குடலை விரிக்க விடும் காற்று. கரியமில வாயு விடும் இடமாக இருந்தால் பிறகு உப்புசம் சீக்கிரம் தணியும், அது உடம்பில் உறிஞ்சப்பட்டுவிடும். இரண்டு, இடப்பக்க வளைவில் ஸ்கோப் வளையமாகச் சுருண்டு குடலைத் தாங்கும் சவ்வை இழுப்பது. அப்போது நர்ஸ் வயிற்றை அழுத்துவார், திரும்பிப் படுக்கச் சொல்வார், டாக்டர் கொஞ்சம் பின்னால் இழுத்து நேராக்குவார். மயக்கம் இல்லாமல் செய்தால் அந்த நேரம் மூச்சை அடக்காதீர்கள், நீளமாக வெளியே விடுங்கள். காற்று பிரிந்தால் கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லாரும் அதற்குப் பழகியவர்கள். கவனித்துப் பார்ப்பது திரும்பி வரும் வழியில்தான், அதற்குக் குறைந்தது 6 முதல் 8 நிமிடம் எடுக்க வேண்டும் என்பது விதி. மொத்தம் வழக்கமாக அரை மணி நேரத்துக்குள்.

கேட்டவர், மார்ச் 7, மாலை 6.50

முடிஞ்சுது. சின்ன பாலிப் ஒண்ணு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்காங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா முயல் பெட்டியில செங்கல் நிறத்துல மூத்திரம். ரத்தமா?

அறுகு, மார்ச் 7, இரவு 7.02

பெரும்பாலும் தழையின் நிறமிதான். முயலின் மூத்திரம் வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை போகும், கால்சியத்தால் வெள்ளையாகக் கலங்கியும் இருக்கும். முழுக்க ஒரே சீரான ஆரஞ்சு என்றால் கவலை குறைவு. மஞ்சள் மூத்திரத்துக்குள் சிவப்புத் திட்டோ கட்டியோ இருந்தால் ரத்தம். மருந்துக்கடையில் மூத்திரப் பரிசோதனைப் பட்டை கிடைக்கும், நனைத்தால் சொல்லிவிடும். கருத்தடை செய்யாத, 4 வயது தாண்டிய பெண் முயலாக இருந்தால் கருப்பைப் புற்றை முதலில் சந்தேகிப்போம். உங்களுடையது கருத்தடை ஆனது.

அதைவிட இன்று புழுக்கையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 200 முதல் 300 உருண்டை வரும். சின்னதாக, கோணலாக, எண்ணிக்கை குறைந்து இருந்தால் நீங்கள் இல்லாதபோது சரியாகத் தின்னவில்லை. தழை நீட்டியும் தின்னாவிட்டால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பந்து போல் இறுகியிருந்தால் ஊட்டாதீர்கள், இரவென்றாலும் கால்நடை மருத்துவரிடம். மெத்தென்று இருந்தால், பெல்லட்டை (கடையில் விற்கும் முயல் தீவன உருண்டை) ஊறவைத்துக் கரைத்து, ஒரு கிலோ எடைக்கு 10 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காலையில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கோப்பறை, மார்ச் 7, இரவு 8.15

பாலிப் எடுத்திருக்கிறார்கள் என்றால் இரண்டு வாரம் வரை ரத்தக்கசிவு வர வாய்ப்பு உண்டு. கொஞ்சம் கறை பரவாயில்லை. கட்டி கட்டியாகப் போனாலும், வயிறு பலகை போல் இறுகி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், தோள்பட்டை வலித்தாலும் உடனே அவசரப் பிரிவு. வெறும் உப்புசத்துக்கு இடப்பக்கம் படுத்தும் நடந்தும் பாருங்கள், காற்று போய்விடும்.

காதுநீளம், மார்ச் 9, காலை 10.05

இதே வரிசையில் ஒண்ணு. ஹோல்டர் மானிட்டர் (நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு பண்ற கருவி) மாட்டிக்கிட்டு முயலோட உட்காரலாமா?

அறுகு, மார்ச் 9, காலை 10.40

சட்டைக்குள் ஒயரை விட்டு, மேலே கெட்டித் துணி போட்டுக்கொண்டு மட்டும். முயலின் மேல் வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். மெல்லிய ஒயர் அதற்கு வேர் மாதிரித் தெரியும், ஒரே கடியில் துண்டாகும். பதிவு நின்றுபோனால் டெஸ்டைத் திரும்பச் செய்ய வேண்டும். கையில் ஊசிக்குழல் மாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கையை முயலின் பக்கமே நீட்டாதீர்கள்.

ஸ்கோப்பறை, மார்ச் 9, காலை 11.15

அணு மருத்துவ ஸ்கேனுக்கும் கேட்பார்கள். பெட் (PET) ஸ்கேனில் போடும் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க மருந்தின் வீரியம் பாதியாக 110 நிமிடம், எலும்பு ஸ்கேனின் டெக்னீசியம் 6 மணி நேரம். ஒரு நாள் தள்ளி இருந்தாலே போதும். தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131 பாதியாக 8 நாள் ஆகும். அதற்கு ஆஸ்பத்திரி சொல்லும் நாட்கள் முடியும்வரை முயலை மடியருகே விடக் கூடாது, அதன் கிண்ணத்தையும் வேறு ஆள் கழுவட்டும்.

கேட்டவர், மார்ச் 16, இரவு 9.00

ரிசல்ட் வந்துடுச்சு, சாதாரண அடினோமா (புற்று இல்லாத கட்டி), அப்புறம் எப்ப பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. கூடவே பண்ணின மேல் எண்டோஸ்கோபியில ஹெச். பைலோரிங்கிற இரைப்பைக் கிருமி இருக்குன்னு 14 நாள் மாத்திரை. அதுல ஒண்ணு அமாக்சிசிலின். பெண் முயலுக்கு மூக்கு ஒழுகுது, ஒரு மாத்திரையில கால் துண்டு கொடுக்கலாமா?

அறுகு, மார்ச் 16, இரவு 9.06

கொடுக்காதீர்கள். வாய் வழியாக அமாக்சிசிலின், பென்சிலின், கிளிண்டமைசின் எதுவும் முயலுக்குக் கூடாது. சீக்கத்தில் உள்ள நல்ல பாக்டீரியா செத்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி, அதன் நஞ்சால் சில நாளில் கழிச்சல் வந்து செத்துவிடலாம். மூக்கொழுகல் பெரும்பாலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. என்ரோஃப்ளாக்சசின் போன்ற, முயலுக்கு ஒத்துவரும் மருந்தை எடையைப் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். நாய் பூனை மட்டும் பார்ப்பவராக இருந்தால், எழுதும் முன்பே முயல் என்று அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரையை நீங்கள் ஒன்றுகூடக் குறைக்காமல் 14 நாளும் போடுங்கள், அட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.